ஒரே அலமாரியில் இரண்டு பதிப்பு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. தலைப்பைப் பார்த்துவிட்டுப் பாடநூல் சண்டை என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் கம்ப்யூட்டரில் "லைப்ரரி வெர்ஷன் ஒத்துவரவில்லை" என்று ஒரு தொல்லை வரும். அதைப் பற்றித்தான். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் வைத்திருப்பவர்களும், பிள்ளைகள் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்ட பெற்றோர்களும் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கொல்லிமலைக்கு லினக்ஸ் எப்படி வந்தது என்று சில பேர் கேட்பார்கள். அரசாங்கமே கொண்டுவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஆரம்பத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸும் இருந்தது, பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். பாஸ் என்றால் 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'. சென்னையில் இருக்கும் சி-டாக் நிறுவனத்தார் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. எங்கள் உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள், லேப்டாப் கிடைத்ததும் எடுத்துவந்து காட்டுவார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே மாதத்தில் பாஸை அழித்துவிட்டு அந்த இடத்தைச் சினிமாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அழிக்காமல் வைத்திருந்த நாலைந்து பேர் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் கற்றுக்கொண்டேன். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். கம்ப்யூட்டரில் சான்றிதழ் எதுவும் கிடையாது. ஓய்வுபெற்ற பிறகு நேரம் கிடைத்ததும் இதில் முழுசாக இறங்கிவிட்டேன். இந்தப் பழக்கத்துக்கு வீட்டுக்காரம்மா வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்து நாட்டில் (எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்றுதான் சொல்வோம்) என் பழைய மாணவி ஒருத்தி மகளிர் குழு நடத்துகிறாள். பதினெட்டுப் பெண்கள். உறுப்பினர்களின் மிளகு, காப்பி, சாமை, தினை எல்லாம் வாங்கிச் சுத்தம் செய்து, எடைபோட்டு, கீழே இருந்து வரும் வியாபாரிக்கு விற்கிறார்கள். யார் எத்தனை கிலோ கொடுத்தார்கள், எந்த மூட்டை யாருடையது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் ஒரு பில்லிங் மென்பொருளில் இருக்கிறது. மென்பொருளை விற்ற கம்பெனியின் பெயர் வேண்டாம். போன மாசி மாதம் லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று கீழே டவுனில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறாள். அவர்கள் உபுண்டு 20.04-ஐ எடுத்துவிட்டு 22.04 போட்டு, பில்லிங் ஃபோல்டரை அப்படியே திரும்ப வைத்துக் கொடுத்தார்கள். லேப்டாப் பறந்தது. பில்லிங் மட்டும் திறக்கவில்லை.

"சார், கடைக்குக் குடுக்கற வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்துச்சுங்க. இப்ப ஐகானை அமுக்குனா ஒண்ணுமே வர மாட்டேங்குதுங்க. வேழக்கெழமை வியாபாரி வர்றாருங்க சார்."

அன்று திங்கள். மிளகு சீசன். வியாபாரி வந்து பில் இல்லாவிட்டால் சரக்கை எடுக்க மாட்டார். அப்புறம் பதினெட்டு வீட்டில் பணம் நிற்கும்.

லினக்ஸில் ஐகானை அமுக்கி ஒன்றும் வராவிட்டால், அதே மென்பொருளை டெர்மினலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்போது முனகுவது வெளியே கேட்கும். கூப்பிட்டோம். 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை' என்றது. கம்ப்யூட்டரில் தேடினால் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 இருக்கிறது. 1.1 இல்லை. தொல்லை இவ்வளவுதான். ஆனால் இதைச் சரிசெய்ய வேண்டுமானால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஷேர்டு லைப்ரரி என்றதும் நம் கிளை நூலகம் நினைவுக்கு வந்தால் பாதி சரி. தமிழில் நிரலகம் என்று எழுதுகிறார்கள், நல்ல சொல். பல மென்பொருள்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகளை ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப எழுதாமல், ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு எல்லோரும் அதிலிருந்து எடுத்துக்கொள்வது. இணையத்தில் பூட்டுப் போட்டுப் பேசுவதற்கு லிப்எஸ்எஸ்எல். எழுத்தைத் திரையில் வரைவதற்கு ஒன்று. படத்தைத் திறப்பதற்கு ஒன்று. மென்பொருள் தொடங்கும்போது, தனக்கு எந்தெந்த நிரலகம் வேண்டும் என்று ஒரு பட்டியல் நீட்டும். லினக்ஸில் லோடர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் அந்தப் பட்டியலைப் பார்த்து அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அவருக்கு உள்ளடக்கம் தெரியாது. அட்டையில் இருக்கும் பெயர்தான் தெரியும்.

இதை நம் பள்ளிக்கூடத்து அனுபவத்தில் சொன்னால் எளிது. 2018 ஜூன் மாதம் புதிய பாடத்திட்டம் வந்தது நினைவிருக்கிறதா? அந்த ஆண்டு 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு மட்டும் புதிய புத்தகம். 7-ம் வகுப்புக்கு அடுத்த ஆண்டுதான். ஒரே அறையில் இரண்டு வகுப்பை உட்காரவைத்து நடத்திய எங்களைப் போன்றவர்களுக்கு, ஒரே அலமாரியில் பழைய திட்டமும் புதிய திட்டமும் அடுக்கியிருக்கும். அதனால் ஒரு தொல்லையும் வரவில்லை, ஏனென்றால் அட்டையில் வகுப்பு தெளிவாக இருந்தது. தொல்லை வேறு இடத்திலிருந்து வந்தது. 6-ம் வகுப்புப் பையன் ஒருவன் அண்ணனின் பழைய நோட்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு வந்தான். நோட்ஸில் '47-ம் பக்கம், மூன்றாவது கணக்கு' என்று விடை இருக்கிறது. புதிய புத்தகத்தில் 47-ம் பக்கத்தில் வேறு பாடம். நோட்ஸும் பிழையில்லை, புத்தகமும் பிழையில்லை, இரண்டும் சேர்ந்தால் பிழை. பையன் மட்டும் 'சார், விடை இருக்குதுங்க' என்று சாதித்தான்.

மென்பொருள் என்பது அந்த நோட்ஸ். அதைத் தயாரித்த நாளில் இருந்த நிரலகத்தின் 'பக்க எண்களை' வைத்துத்தான் அது தயாராகிறது. நிரலகத்தை எழுதுகிறவர்கள் பின்னால் புதிய பக்கங்களைச் சேர்க்கலாம், எழுத்துப்பிழை திருத்தலாம். அதனால் பழைய நோட்ஸுக்குச் சேதமில்லை. ஆனால் பக்கங்களையே மாற்றி அடுக்கினால், அட்டையில் எண்ணை மாற்றிவிட வேண்டும். இதுதான் லினக்ஸ் உலகத்தின் ஒப்பந்தம். லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ என்பதற்குப் பின்னால் வரும் 1.1, 3 என்பவை அந்த அட்டை எண்கள். 2021 செப்டம்பர் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினர் 3.0 பதிப்பை வெளியிட்டபோது பக்கங்கள் மாறின, அதனால் அட்டை எண்ணும் மாறியது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04, புதியதை வைத்துக்கொண்டு பழைய 1.1-ஐ அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. பில்லிங் கம்பெனிக்காரர்கள் இன்னும் பழைய நோட்ஸையே விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மாணவி கடைக்கு போன் போட்டாள். கடைப் பையன் ஒரு வழி சொன்னான். இணையத்திலும் பல பேர் இதைச் சொல்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 கோப்புக்கு லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்று இன்னொரு பெயரில் ஒரு குறுக்குவழி போட்டுவிடு, மென்பொருள் ஏமாந்து ஓடிவிடும் என்றான். அதாவது புதிய புத்தகத்துக்குப் பழைய அட்டை போடுவது.

அவள் போட்டும் பார்த்துவிட்டாள். மென்பொருள் ஏமாறவில்லை. 'ஓப்பன்எஸ்எஸ்எல் 1_1_0 என்ற பதிப்பு இதில் காணோம்' என்று சொல்லி நின்றுவிட்டது. காரணம், ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற கவனமான குழுவினர் அட்டையில் மட்டுமல்ல, உள்ளே ஒவ்வொரு செயல்பாட்டின் மேலும் பதிப்பு முத்திரை குத்தியிருக்கிறார்கள். லோடர் அட்டையைக் கிழித்துப் பார்க்காவிட்டாலும், உள்ளே முத்திரை இல்லாதது தெரிந்துவிடும். அவளுக்கு இது ஏமாற்றம். எனக்குப் பெரிய நிம்மதி. முத்திரை குத்தாத நிரலகங்களும் நிறைய உண்டு. அவற்றில் இந்தக் குறுக்குவழி 'வேலை செய்துவிடும்'. மென்பொருள் திறக்கும், பில் அடிக்கும், ஏதோ ஒரு நாள் 47-ம் பக்கத்தில் இல்லாத விடையை எடுத்து எழுதும். 12 கிலோ 12 கிலோவாகவே இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? திறக்காத மென்பொருளால் ஒரு நாள் போகும். தப்பாகக் கூட்டும் மென்பொருளால் குழுவே உடையும். பெண்கள் குழுவில் கணக்கில் ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று குழு நடத்தினவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் வேலையாக அந்தக் குறுக்குவழியை எடுக்கச் சொன்னேன்.

பக்கங்கள் மாறியும் அட்டை மாறாமல் போன கதை ஒன்றும் உண்டு. லினக்ஸின் அடிப்படை நிரலகம் ஜிலிப்சி. அதில் நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஒரு சின்ன வேலை உண்டு, பெயர் மெம்காப்பி. இரண்டு இடமும் ஒன்றின்மேல் ஒன்று படியக் கூடாது என்பது விதி. படிந்தாலும் பல ஆண்டுகள் தற்செயலாகச் சரியாகவே நடந்துகொண்டிருந்தது. வேகத்துக்காக நகலெடுக்கும் முறையை மாற்றினார்கள். 2010-ல் ஃபெடோரா 14 வந்ததும், விதியை மீறியிருந்த அடோபி ஃபிளாஷில் பாட்டு கரகரவென்று கேட்க ஆரம்பித்தது. பெரிய விவாதம். விதியை மீறியது ஃபிளாஷ்தானே என்று ஒரு கட்சி. விதி என்னவாக இருந்தால் என்ன, நேற்று ஓடியது இன்று ஓட வேண்டும் என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கட்சி. கடைசியில் ஜிலிப்சி 2.14-ல் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். பழைய முத்திரையோடு வருகிற மென்பொருளுக்குப் பழைய நடத்தை, புதிய முத்திரைக்குப் புதிய நடத்தை. ஒரே புத்தகத்துக்குள் இரண்டு 47-ம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் டோர்வால்ட்ஸ் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. மலை மேல் இருக்கிறவனுக்கு விதி புத்தகம் யார் அனுப்பினார்கள்?

இந்த முத்திரை முறையால்தான் ஜிலிப்சி தன் அட்டை எண்ணை 6-லேயே வைத்திருக்கிறது. கடைசியாக எண் மாறியது 5-லிருந்து 6-க்கு. டெபியன் அந்த மாற்றத்தை 1998 ஜூலையில் வந்த 2.0 பதிப்பில் முடித்தது. பழையவற்றை ஓட்ட வேண்டியவர்களுக்காக 5-ஐயும் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து பழைய மென்பொருள் புதிய ஜிலிப்சியில் ஓடும். தலைகீழாக ஓடாது. புதிய உபுண்டுவில் தயாரித்த மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் போட்டால் 'ஜிலிப்சி 2.34 காணோம்' என்று சொல்வது அதனால்தான். 210-ம் பக்கத்தைக் கேட்கிற நோட்ஸ், 190 பக்கமே உள்ள புத்தகம். அதற்கு ஜிலிப்சியை மட்டும் எங்கிருந்தோ இறக்கி மாற்றப் பார்க்காதீர்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் ஏறக்குறைய எல்லாமே அதன்மேல்தான் நிற்கிறது. மாற்றி வைத்தால், கோப்புகளைப் பட்டியலிடும் சின்னக் கட்டளைகூட ஓடாமல் போகலாம். அடிக்கல்லை உருவிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

திங்கள் இரவுக்குத் திரும்புகிறேன். எங்கள் முன்னால் இருந்த வழிகள் இவை.

கம்பெனியைக் கேட்டுப் புதிய பதிப்பு வாங்குவதுதான் நேரான வழி. கேட்டோம். புதிய பதிப்பு உண்டு, வருடச் சந்தா கட்ட வேண்டும், ஆள் அனுப்ப இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். வியாழக்கிழமை அவர்களுக்காக நிற்காது.

திரும்பவும் 20.04 போடலாம். அதற்குப் பொது ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிகிறது என்று அப்போதே தெரியும். இன்னும் மூன்று மாதம். உபுண்டு ப்ரோ என்று ஒன்று இருக்கிறது, சொந்த உபயோகத்துக்கு ஐந்து கம்ப்யூட்டர் வரை இலவசம், அதில் பதிந்தால் இன்னும் சில ஆண்டு திருத்தங்கள் வரும். தனிமனிதர் ஒருவர் என்னைக் கேட்டிருந்தால் ஒருவேளை இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் திரும்பக் கீழே இறங்கி, திரும்பக் கடை, திரும்ப மேலே. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. அவளுக்கு அந்த வாரம் நேரமில்லை.

மூன்றாவது, பழைய உபுண்டுவின் களஞ்சியத்தையும் புதியதில் சேர்த்து எழுதிவிட்டு, இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளச் சொல்வது. இது ஆபத்து. இன்றைக்கு ஒரு நிரலகத்துக்காகத் திறந்த கதவு வழியாக நாளைக்கு வேறு என்னென்னவோ வந்து கலக்கும். டெபியன்காரர்கள் இப்படிக் கலந்த கம்ப்யூட்டருக்கு ஃபிராங்கன்டெபியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பல பிணங்களின் உறுப்புகளைத் தைத்து ஒரு ஜந்துவுக்கு உயிர் கொடுத்த அந்த ஆங்கிலக் கதை விஞ்ஞானியின் பெயரிலிருந்து வந்தது.

நான்காவது வழியைத்தான் எடுத்தோம். டெபியனிலும் உபுண்டுவிலும் நிரலகப் பொதிகளின் பெயரிலேயே அட்டை எண் இருக்கும். லிப்எஸ்எஸ்எல்1.1 ஒரு பொதி, லிப்எஸ்எஸ்எல்3 இன்னொரு பொதி. பெயர் வேறு என்பதால் ஒன்று மற்றொன்றை மிதிக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது பாருங்கள்! இந்த ஒரு வழக்கம்தான் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் உள்ள டெபியனைக் கட்டிக் காக்கிறது. 20.04-க்கான லிப்எஸ்எஸ்எல்1.1 பொதியை உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே இறக்கினோம். ஒன்றரை எம்பிகூட இல்லை. அவள் வீட்டில் சிக்னல் கிடையாது, பாறை மேல் ஏறி நின்று போனில் இறக்கிக்கொண்டு வந்தாள்.

அதையும் கம்ப்யூட்டர் முழுவதற்கும் நிறுவவில்லை. பொதியைப் பிரித்து உள்ளே இருக்கும் இரண்டு கோப்புகளை, லிப்எஸ்எஸ்எல் ஒன்று, அதற்குத் துணையான லிப்கிரிப்டோ ஒன்று, பில்லிங் ஃபோல்டருக்குள்ளேயே தனி இடத்தில் வைத்தோம். மூன்று வரியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினோம். 'இந்த மென்பொருளுக்கு மட்டும் முதலில் இந்த ஃபோல்டரில் தேடு' என்று லோடருக்குச் சொல்லும் வரி அதில் இருக்கிறது. எல்டி லைப்ரரி பாத் என்பார்கள். அந்த வரியைச் சிலர் கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிரவுசர் முதல் பிரின்டர் வரை எல்லாம் அந்தப் பழைய ஃபோல்டரில் போய் முதலில் தேடும். நமக்கு ஏழாம் வகுப்புக்குத்தான் பழைய புத்தகம் வேண்டும், பள்ளிக்கூடம் முழுக்க இல்லை.

எல்டிடி என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு மென்பொருளுக்கு எந்தெந்த நிரலகம் வேண்டும், எது எங்கிருந்து கிடைக்கிறது என்று பட்டியல் கொடுக்கும். ஓட்டிப் பார்ப்பதற்கு முன் அதை அவளையே படிக்கச் சொன்னேன். காரணம் இருக்கிறது. மென்பொருள் நேராக 1.1-ஐக் கேட்கலாம், ஆனால் அது கேட்கிற வேறொரு நிரலகம் உள்ளுக்குள் 3-ஐக் கேட்கலாம். அப்போது ஒரே மென்பொருளுக்குள் இரண்டு பதிப்பும் வந்து உட்காரும். முத்திரை இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கும். ஆனால் ஒன்று உருவாக்கியதை இன்னொன்றின் கையில் கொடுத்தால் குழப்பம்தான். நல்ல வேளை, பட்டியலில் 3 எங்கும் இல்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு படித்ததும் இப்படித்தான்.

செவ்வாய் காலை மென்பொருள் திறந்தது. வியாழன் பில் அடித்தார்கள். மூட்டைகள் போயின.

இத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். இல்லை என்றேன். ஏன் என்பதற்கு 2014 கதை. அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று இதே ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. எதிர்முனையில் இருப்பவன் கேட்டால், சர்வரின் நினைவகத்தில் இருக்கும் ரகசியங்களைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்துவிடும். கடவுச்சொல், சாவி, எது கையில் சிக்கினாலும். ஒரே நிரலகத்தை எல்லோரும் பகிர்ந்துகொண்டிருந்ததால் உலகம் முழுக்க ஒரே நாளில் ஆபத்து. அதே காரணத்தால், ஒரு பொதியைப் புதுப்பித்து, ஓடிக்கொண்டிருப்பவற்றை ஒரு முறை நிறுத்தித் தொடங்கினால் அந்தக் கம்ப்யூட்டரில் எல்லாம் சரி. தனித்தனியாக உள்ளுக்குள் நகல் வைத்திருந்த மென்பொருள்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டும். நாங்கள் பில்லிங் ஃபோல்டருக்குள் வைத்ததும் அப்படி ஒரு நகல்தான். அப்டேட் வரும்போது அதை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினர் 1.1.1 பதிப்புக்குப் பொதுவான திருத்தங்கள் கொடுப்பதை 2023 செப்டம்பர் 11-லேயே முடித்துவிட்டார்கள். இணையத்தில் பேசுவதற்கென்றே இருக்கும் நிரலகம், திருத்தமே வராத நிலையில் இணையத்தில் பேசலாமா? அதனால் அந்த மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம் வைஃபையை அணைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. அவ்வளவு நாளும் அது தானாக எங்கோ ஒரு சர்வருக்குக் கணக்கை அனுப்பிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இப்போது ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் என்றெல்லாம் வந்திருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொண்டு வரும், அல்லது ஒரு பொது மூட்டையைத் தனியாக இறக்கிக்கொள்ளும். வெர்ஷன் சண்டை குறையும் என்பது உண்மை. டோர்வால்ட்ஸும் 2014-ல் ஒரு டெபியன் மாநாட்டில், ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனித்தனியாகத் தயாரித்துக் கொடுப்பதில் இருக்கும் வேதனையைச் சொல்லியிருக்கிறார். அவருடைய சப்சர்ஃபேஸ் மென்பொருளும் ஆப்இமேஜாகக் கிடைக்கிறது. ஆனால் நகரத்தில் ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்திருப்பவருக்கும் எங்களுக்கும் கணக்கு வேறு. ஃபிளாட்பேக்கின் அடி மூட்டை பல நூறு எம்பி. பாறை மேல் நின்று இறக்கிப் பாருங்கள். எங்களுக்குப் பகிர்ந்துகொள்வதுதான் கட்டுப்படியாகும். சாமை உடைக்க ஊருக்கு ஒரு மில் போதும், வீட்டுக்கு ஒரு மில் வேண்டாம்.

நிக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா என்பவர் 2006-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் அது தயாரான விதத்தையே கைரேகை மாதிரி பெயரில் சேர்த்துவிடுவார்கள். எத்தனை பதிப்பு வேண்டுமானாலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு மென்பொருளும் தனக்குரிய கைரேகையைத்தான் கேட்கும். அழகான யோசனை. ஆனால் பழைய லேப்டாப்பின் டிஸ்க் அதைத் தாங்காது.

பகிர்ந்துகொள்வதன் அருமையைத் தமிழ் எழுதுகிற நாம் தினமும் அனுபவிக்கிறோம், தெரியாமலேயே. நான் இந்தப் பதிவை லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறேன். 'கொ' என்று எழுதினால் ஒரு பாதி எழுத்துக்கு முன்னாலும் ஒரு பாதி பின்னாலும் போய் நிற்க வேண்டும். அதைச் சரியாக அடுக்கி வரைவதற்கு வழிசொல்வது ஹார்ஃபஸ் என்ற நிரலகம். பயர்பாக்ஸும் அதைத்தான் கேட்கிறது. லிப்ரெ ஆபீஸ் 2017-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளத்திலும் அதையே கேட்கிறது. உலகத்தின் எந்த மூலையிலோ ஒருவர் அதில் ஒரு தமிழ்க் கோளாறைத் திருத்தினால், அடுத்த அப்டேட்டில் என் லேப்டாப்பில் அதைப் பகிர்ந்துகொள்ளும் அத்தனை மென்பொருளிலும் 'கொல்லிமலை' சரியாகத் தெரியும். பழைய நாளில் லினக்ஸில் தமிழ் பார்த்தவர்களுக்குக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் தனியாகக் கிடந்தது நினைவிருக்கும்.

மாணவியின் கதையின் மிச்சம். வைஃபை அணைத்து ஓட்டிய நாட்களில், வாரம் ஒரு பகுதியாகக் கணக்கை எல்லாம் சாதாரண அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்தாள். உறுப்பினர் பட்டியல் வந்தது. கொள்முதல் வந்தது. பாக்கிப் பட்டியலை மென்பொருள் வெளியே தர மறுத்தது, அச்சடிக்க மட்டும்தான் விட்டது. அச்சடித்து, இரவுகளில் உட்கார்ந்து இரண்டு பெண்கள் வாசிக்க ஒருத்தி திரும்ப அடித்தாள். இப்போது லிப்ரெ ஆபீஸ் அட்டவணையிலேயே பில் போடுகிறார்கள். பார்க்க அவ்வளவு அழகில்லை. ஆனால் கோப்பு அவர்களுடையது. ஆடிப்பெருக்கு முடிந்ததும் அந்தப் பழைய ஃபோல்டரை, உள்ளே இருந்த இரண்டு நிரலகத்தோடு சேர்த்து அழித்தோம்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டாள். குழுவுக்கு இன்னொரு லேப்டாப் வந்திருக்கிறது, உபுண்டு 24.04.

"சார், இதுல லிப்எஸ்எஸ்எல்3-ன்னு இல்லீங்க. பின்னால டி64-ன்னு ஒட்டியிருக்குதுங்க. எண்ணு மாறலை, பேரு மட்டும் ஏன் மாறுச்சுங்க?"

இது 2038 வேலை. 32 பிட் கம்ப்யூட்டர்கள் நேரத்தை நொடிகளாக எண்ணுகிற இடம் 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடத்துக்கு நிரம்பிவிடும். அதைப் பெரிதாக்கினால் நேரத்தைத் தொடுகிற நிரலகங்களில் எல்லாம் பக்கம் மாறும். அதனால் டெபியனும் உபுண்டுவும் சேர்ந்து அந்தப் பொதிகளுக்கெல்லாம் டி64 என்று பின்னொட்டுச் சேர்த்துப் பெயர் மாற்றினார்கள். உபுண்டுவில் 2024 ஏப்ரலில் வந்தது, டெபியனில் 2025 ஆகஸ்டில் வந்த 13-ல். நம்முடைய 64 பிட் லேப்டாப்புகளில் அந்த இடம் ஏற்கெனவே பெரியது. பொதியின் பெயர்தான் மாறியது, உள்ளே இருப்பது அதே லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3.

"உள்ள பாத்தியா கண்ணு?"

"பாத்தேனுங்க சார். கோப்பு பேரு அதேதானுங்க. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதானுங்க."

பழைய லேப்டாப்பில் இருக்கும் 22.04-க்குப் பொது ஆதரவு 2027 வரைதான். அந்த ஆண்டைச் சரக்கு நோட்டின் பின்னட்டையில், வங்கிக் கடன் கட்ட வேண்டிய தேதிக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறாள்.